ரவுட்டர் பக்கம் திறக்கவில்லையா? ரீசெட் துளையில் ஊசியை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீடுகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் இணைய இணைப்பு அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். “ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் வரவில்லை” என்று எனக்கு அழைப்பு வராத வாரம் இல்லை. சிலர் அதோடு நிறுத்துவதில்லை. “ரீசெட்கூடச் செய்து பார்த்துவிட்டேன், இப்போது இணையமும் போய்விட்டது” என்று சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு வருத்தம் தருவது அந்த இரண்டாவது வாக்கியம்தான். பக்கம் திறக்காததற்கான காரணம் பெரும்பாலும் கையில் இருக்கும் போனிலோ கணினியிலோதான் இருக்கும். அதைத் தேடாமல் ரவுட்டரில் இருந்த அமைப்புகளையெல்லாம் அழித்துவிட்டால், ஐந்து நிமிட வேலை அரைநாள் வேலையாகிவிடுகிறது.

யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன தெரிகிறது? “ஒன்றுமே வரவில்லை” என்ற பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஏதோ ஒன்று கட்டாயம் வந்திருக்கும். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்திருந்தால் வழி திறந்திருக்கிறது, பூட்டில்தான் சிக்கல். அந்தப் பெட்டியே வராவிட்டால் வழியில்தான் தடை. அப்போது கடவுச்சொல்லை எவ்வளவு யோசித்தாலும் பயனில்லை. இந்த இரண்டையும் முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைத் திறக்க இணையம் தேவையே இல்லை. அது ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இணைப்பு அறுந்து கிடந்தாலும் பக்கம் திறக்க வேண்டும். “இணையம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருப்பவர்கள் பலர். இணையம் வராத காரணத்தைச் சொல்வதே பல நேரங்களில் அந்தப் பக்கம்தான்.

எண்ணை ஊகிக்காதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

192.168.1.1 என்ற எண்ணைப் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது எல்லா ரவுட்டர்களுக்கும் பொதுவான எண் அல்ல. வீட்டு வலையமைப்பு, அலுவலக வலையமைப்பு போன்ற உள் பயன்பாட்டுக்கென மூன்று எண் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. 1996இல் வெளியான ஆவணத்தின்படி இன்றும் இதுதான் நடைமுறை. இவற்றுக்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் எடுத்துக்கொள்ளலாம். சிலர் 192.168.0.1 வைக்கிறார்கள், சிலர் 10.0.0.1 வைக்கிறார்கள். மைக்ரோடிக் கருவிகளில் 192.168.88.1 இருக்கும். ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்களில் 192.168.178.1 இருக்கும். ஆகவே ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்ப்பது வீண் உழைப்பு.

உங்கள் கணினிக்கும் போனுக்கும் சரியான எண் ஏற்கெனவே தெரியும். இணையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தகவலையும் அவை அந்த எண்ணுக்குத்தான் கொடுக்கின்றன. அதன் பெயர் கேட்வே.

விண்டோஸ் கணினியில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரிக்கு எதிரே இருப்பதுதான் ரவுட்டரின் முகவரி. அங்கே எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரி ஒன்றும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் கொண்டதை எடுத்துக்கொள்ளுங்கள். மேக் கணினியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க்’, ‘வைஃபை’, ‘டீடெயில்ஸ்’ என்று போய் ‘டிசிபி/ஐபி’ பகுதியைத் திறந்தால் ‘ரவுட்டர்’ என்ற பெயரிலேயே இருக்கும். ஐபோனில் வைஃபை பட்டியலில் நீங்கள் இணைந்திருக்கும் பெயருக்கு அருகே உள்ள சிறு ‘ஐ’ வட்டத்தைத் தொட்டுக் கீழே பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயரின் விவரப் பக்கத்தில் ‘கேட்வே’ என்று இருக்கும். போனுக்குப் போன் அது இருக்கும் இடம் கொஞ்சம் மாறும்.

இந்த இடத்தில் மூன்று விதமான தவறான எண்கள் கண்ணில் படலாம். முதலாவது, 169.254 என்று தொடங்கும் முகவரி உங்கள் கணினிக்கு வந்திருப்பது. ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காததால் கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண் அது. அதாவது ரவுட்டருடன் நீங்கள் இன்னும் முறையாக இணையவே இல்லை. இரண்டாவது, ‘என் ஐ.பி. என்ன’ என்று காட்டும் இணையதளங்கள் தரும் எண். அது வெளி உலகத்துக்குத் தெரியும் முகவரி, நமக்கு உதவாது. மூன்றாவது, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண். அது பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் எப்போதும் அல்ல. இணைய நிறுவனத்தின் மோடத்துக்கும் உங்கள் ரவுட்டருக்கும் ஒரே எண் தொகுதி அமைந்துவிட்டால், சில ரவுட்டர்கள் மோதலைத் தவிர்க்கத் தங்கள் எண்ணைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஸ்டிக்கருக்கும் கேட்வேக்கும் வேறுபாடு வந்தால் கேட்வேயைத்தான் நம்புவேன்.

சில ஸ்டிக்கர்களில் எண்ணுக்குப் பதிலாக இணையதளம் போன்ற ஒரு பெயர் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயரை ரவுட்டரே இடைமறித்துத் தன் பக்கத்துக்குத் திருப்பிவிடும். ஆனால் உங்கள் போனிலோ பிரவுசரிலோ தனியாக ஒரு டி.என்.எஸ். சேவை (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) போட்டிருந்தால் பெயரைத் தேடும் கேள்வி ரவுட்டருக்கு வராமல் வெளியே போய்விடும், பக்கமும் வராது. இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. புகழ்பெற்ற தயாரிப்பாளர் ஒருவர் தம் ரவுட்டர்களில் அச்சிட்டிருந்த பெயரின் பதிவைக் கைவிட்டதும், அது வேறொருவர் கைக்குப் போனதும் 2016இல் செய்தியாயின. எண்ணுக்கு அப்படி நேராது.

தட்டும் இடமும் தட்டும் முறையும்

எண் சரியாக இருந்தும் பக்கம் வரவில்லை என்றால், அதை எங்கே தட்டினீர்கள் என்று பாருங்கள். பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில்தான் தட்ட வேண்டும். பக்கத்தின் நடுவில் உள்ள தேடல் பெட்டியில் தட்டினால் தேடல் முடிவுகள்தான் வரும். எண் ஒன்றுக்குப் பதிலாக அதைப் போலவே தோன்றும் ஆங்கில எழுத்து ‘எல்’, பூஜ்யத்துக்குப் பதிலாக ‘ஓ’, புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி, எதிலாவது ஒன்று புகுந்துவிட்டாலும் அதுவே நடக்கும். தொலைபேசியில் உதவும்போது எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்துக் காட்டச் சொல்வேன். “ஒன்று, ஒன்பது, இரண்டு, புள்ளி” என்று வாசிக்கும்போதே பலர் பிழையைத் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தத் தேடல் முடிவுகளில் நுழைய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ரவுட்டர் உள்நுழைவுப் பக்கம் போலத் தோற்றமளிக்கும் தளங்களும், ‘உதவி மையம்’ என்ற பெயரில் தொலைபேசி எண்களும் அங்கே கிடக்கும். உங்கள் ரவுட்டரின் பக்கம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. எந்தத் தேடுபொறியாலும் அதைக் காட்ட முடியாது. அந்த எண்களை அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுத்துப் பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணை மட்டும் தட்டாமல், அதற்கு முன்னால் ‘எச்டிடிபி’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒரு முக்காற்புள்ளியையும் இரண்டு சாய்கோடுகளையும் சேர்த்துத் தட்டுங்கள். இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்பு கருதிப் பெரும்பாலான முகவரிகளை ‘எச்டிடிபிஎஸ்’ முறையில் திறக்க முயல்கின்றன. பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு அது தெரியாது. முழுதாகத் தட்டினால் பிரவுசர் உங்கள் சொல்லைக் கேட்க வாய்ப்பு அதிகம். கேட்காவிட்டால் பிரவுசர் அமைப்புகளில் ‘எச்டிடிபிஎஸ் மட்டும்’ என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் தற்காலிகமாக நிறுத்துங்கள். டி.எல்.எஸ். 1.0, 1.1 என்ற பழைய குறியாக்க முறைகளுக்கான ஆதரவை 2020 முதல் முன்னணிப் பிரவுசர்கள் கைவிட்டுவிட்டன. அவற்றை மட்டுமே அறிந்த ரவுட்டர் என்றால், எஸ் இல்லாத முகவரிதான் வழி.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். பக்கம் திறக்கும் முன் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று பெரிய எச்சரிக்கை வரும். ரவுட்டர் தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டுவதால் வரும் எச்சரிக்கை அது. வீட்டுக்குள் இருக்கும் தனிப்பட்ட எண்ணுக்கு வெளியில் சான்றிதழ் வாங்க முடியாது என்பதால் தயாரிப்பாளருக்கும் வேறு வழியில்லை. நீங்கள் உங்கள் சொந்த வைஃபையில் இருக்கிறீர்கள், முகவரிப் பட்டையில் இருப்பது கேட்வே எண்ணேதான் என்றால், ‘அட்வான்ஸ்டு’ என்பதை அழுத்தித் தொடரலாம். வேறு எந்த இணையதளத்திலும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

வழியை மறிப்பவை

போனில் முயல்கிறீர்கள் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வைஃபை அடையாளம் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும், தகவல் மட்டும் வேறு வழியில் போகும். ரவுட்டரில் சிக்கல் என்று செட்டிங்ஸைத் திறக்கப் போகும் நேரத்தில்தான் இணையமும் இருக்காது என்பதால், இது மிக அடிக்கடி நடப்பது. “இணையம் இல்லை, இருந்தாலும் இணைந்திருக்கவா” என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

வி.பி.என். (உங்கள் தகவலை வேறொரு வலையமைப்பின் வழியே அனுப்பும் சேவை) இயங்கினால் நிறுத்துங்கள். அலுவலக மடிக்கணினிகளில் அது கணினியோடு சேர்ந்தே தொடங்கிவிடும், வீட்டு வலையமைப்பைத் தொட விடாது. அதை உங்களால் நிறுத்த முடியாது என்றால் வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விருந்தினர்கள் ரவுட்டர் பக்கத்தை நெருங்காதபடி தடுப்பதுதான் அதன் நோக்கம். பெயர்கள் ஒன்றுபோல இருந்தால் போன் எதில் இணைந்தது என்று கவனிக்கத் தவறுவோம்.

அண்மைக்காலமாக எனக்கு வரும் அழைப்புகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் காரணம் ஒன்று உண்டு. 2024இல் வந்த மேக் ஓஎஸ் 15 முதல், வீட்டு வலையமைப்பில் உள்ள கருவிகளைத் தொடுவதற்கு ஒவ்வொரு செயலியும் தனியே அனுமதி பெற வேண்டும். குரோம் முதன்முறை கேட்டபோது யோசிக்காமல் மறுத்திருந்தால், உலகத்தின் எல்லாத் தளங்களும் திறக்கும், ரவுட்டர் மட்டும் திறக்காது. ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘லோக்கல் நெட்வொர்க்’ பட்டியலுக்குப் போய் அந்தப் பிரவுசருக்கு அனுமதி கொடுங்கள். ஐபோனிலும் இதே அனுமதி 2020 முதல் இருக்கிறது, இருக்கும் இடமும் அதேதான். சோதித்துப் பார்க்க எளிய வழி: சஃபாரியில் திறந்து குரோமில் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தால், கேட்வே எந்தப் பெட்டியினுடையது என்பதைக் கவனியுங்கள். இணைய நிறுவனத்தின் பெட்டியோடு நீங்கள் வாங்கிய ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறையில், அதாவது வைஃபை பரப்புவதற்கு மட்டும், இணைத்திருந்தால், கேட்வே எண் அந்த முதல் பெட்டியினுடையதாகத்தான் இருக்கும். உங்கள் ரவுட்டருக்கு அதுவே வேறொரு முகவரியைக் கொடுத்திருக்கும். முதல் பெட்டியின் பக்கத்துக்குள் போய் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் உங்கள் ரவுட்டரின் எண் தெரிந்துவிடும். ஈரோ, கூகுள் நெஸ்ட் வைஃபை போன்றவற்றை பிரவுசர் பக்கம் வழியாக நிர்வகிக்க முடியாது. எல்லாமே அவற்றின் செயலி வழியாகத்தான். அவற்றுக்காக எண்களைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு கேபிள், ஒரு மடிக்கணினி

மேலே சொன்னவை எதுவும் பலிக்காதபோது நான் பையிலிருந்து எடுப்பது ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிளை. வைஃபை என்றால் சந்தேகப்பட வேண்டியவை பத்து. கேபிள் போட்டவுடன் அவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். வைஃபை வழியாக நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி பூட்டிவைக்கும் தேர்வும் சில ரவுட்டர்களில் இருக்கிறது. முன்பு யாரோ அதை இயக்கியிருந்தால் கேபிளைத் தவிர வேறு வழி இல்லை.

கேபிளின் ஒரு முனையை ரவுட்டரின் ‘லேன்’ துளையில் செருகுங்கள். பெரும்பாலும் வேறு நிறத்தில் தனித்து இருக்கும் ‘வேன்’ துளையில் செருகினால் பக்கம் வராது. மறுமுனை கணினியில். பிறகு கணினியின் வைஃபையை அணையுங்கள். துளையின் அருகே உள்ள சிறு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் கேபிளையோ துளையையோ மாற்றிப் பாருங்கள். கணினியில் கேபிள் துளை இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் அடாப்டர் போதும்.

இப்போது கேட்வேயை மறுபடி பாருங்கள். இன்னும் 169.254தான் வருகிறது, அல்லது ஊருக்குச் சம்பந்தமில்லாத எண் வருகிறது என்றால், கணினியில் யாரோ முகவரியைக் கையால் எழுதிவைத்திருக்கலாம். விண்டோஸில் அந்த இணைப்பின் விவரத்தில் ‘ஐபி அசைன்மென்ட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றுங்கள். அப்படி மாற்றியும் முகவரி கிடைக்கவில்லை என்றால் ரவுட்டரை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டிய நேரம் இது. மின் இணைப்பைப் பிடுங்கி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் செருகி, விளக்குகள் அடங்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடும் ரவுட்டரில், இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிர்வாகப் பக்கம் மட்டும் உறைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் எந்த அமைப்பும் அழியாது.

பெட்டி வந்துவிட்டது, கடவுச்சொல் ஏற்கவில்லை

மிகப் பலர் இங்கே வைஃபை கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள். அது வேறு, நிர்வாகக் கடவுச்சொல் வேறு. ஸ்டிக்கரில் இரண்டுமே அச்சிட்டிருக்கலாம், எது எதற்கு என்று நிதானமாக வாசியுங்கள். பழைய ரவுட்டர்களில் பயனர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’ அல்லது ‘பாஸ்வேர்ட்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருந்தது. அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதற்கு எதிராக 2020இல் கலிஃபோர்னியாவிலும் 2024இல் பிரிட்டனிலும் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதனால் புதிய ரவுட்டர்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கும், அல்லது முதல்முறை இயக்கும்போது நம்மையே வைக்கச் சொல்லும்.

பிரவுசர் தானாக நிரப்பும் கடவுச்சொல்லை நம்பாதீர்கள். நீங்கள் ரவுட்டர் மாற்றியிருந்தால், பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருக்க வாய்ப்புண்டு. பிரவுசருக்கு இரண்டும் ஒரே தளம்தான், பழைய கடவுச்சொல்லையே நிரப்பிக்கொண்டிருக்கும். அதை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். மறந்துபோன கடவுச்சொல்லை அதே பிரவுசர் காப்பாற்றிக் கொடுப்பதும் உண்டு. சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலில் 192.168 என்று தேடிப் பாருங்கள், வீட்டில் உள்ள மற்றவர்களின் கணினிகளிலும் பாருங்கள்.

தொடர்ந்து தவறாகத் தட்டினால் பல ரவுட்டர்கள் சில நிமிடங்களுக்குக் கதவை மூடிவிடும். அப்போது சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் ஏற்காது. நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். வேறொரு கருவியில் ஏற்கெனவே யாரோ உள்ளே இருந்தால் இரண்டாவது ஆளை அனுமதிக்காத ரவுட்டர்களும் உண்டு. அங்கே வெளியேறச் சொல்லுங்கள்.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால், உங்களுக்குக் கொடுக்கப்பட்டது எளிய பயனர் கணக்காக இருக்கலாம். முழு அதிகாரம் உள்ள கணக்கை நிறுவனமே வைத்திருக்கும். உள்ளே நுழைந்தும் நீங்கள் தேடும் பகுதி கண்ணில் படவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அதற்கு நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

ரீசெட் தவிர வேறு வழி இல்லை என்றால்

கடவுச்சொல் உண்மையிலேயே தொலைந்துவிட்டது என்ற ஒரே நிலையில்தான் ரீசெட் நியாயமானது. பக்கமே வராத சிக்கலுக்கு அது மருந்து அல்ல.

அழுத்தும் முன் ஒரு தாளை எடுங்கள். இணைய நிறுவனம் இணைப்பில் நுழைவதற்காகக் கொடுத்த பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கின்றனவா? வி-லேன் எண் (தன் இணைப்பைப் பிரித்துக்காட்ட நிறுவனம் வைக்கும் எண்) ஏதாவது உண்டா? நிலையான ஐ.பி. வாங்கியிருக்கிறீர்களா? இவை ரவுட்டருக்குள் மட்டுமே பதிந்திருந்தால் ரீசெட்டோடு போய்விடும். நிறுவனத்தை அழைத்துக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு தொடங்குங்கள். ஃபைபர் நேராக உள்ளே வரும் பெட்டி என்றால் நிறுவனத்திடம் பேசாமல் தொடவே வேண்டாம். இணைப்புக்கான அடையாளமே அதற்குள் இருக்கலாம். இப்போதைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்குப் பின் அவற்றையே வைத்தால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தாமே வந்து இணைந்துகொள்ளும். இல்லையென்றால் டிவி, கேமரா, பிரிண்டர் என்று ஒவ்வொன்றிடமும் போக வேண்டும்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, துளைக்குள் காகித கிளிப்பின் முனையை வைத்துப் பத்து விநாடி போல அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை மினுங்கியதும் விடுங்கள். சில மாடல்களில் நேரம் கூடும். சிலவற்றில் டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல் தட்டாமல் வைஃபையில் இணைக்கும் வசதி), ரீசெட் இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான். குறைவாக அழுத்தினால் டபிள்யூபிஎஸ் மட்டும் இயங்கும், எதுவும் அழியாது.

உள்ளே போனதும் முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, அதைத் தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். வீட்டு ரவுட்டரைப் பொறுத்தவரை நான் உடன்படவில்லை. வெளியிலிருந்து தாக்குபவர்களால் அந்தத் தாளைப் படிக்க முடியாது, அவர்களுக்கு வசதியாக இருப்பது எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்தான். அடுத்து, வெளியிலிருந்து இந்தப் பக்கத்தைத் திறக்க விடும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். போட்டு முடியும் வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

கடைசியாக, ‘பேக்கப்’ என்ற பகுதியைத் தேடி அமைப்புகளை ஒரு கோப்பாகக் கணினியில் சேமித்துவையுங்கள். அடுத்த முறை ரீசெட் தேவைப்பட்டால் அந்தக் கோப்பை ஏற்றினாலே போதும், பெரும்பாலும் எல்லாம் திரும்பிவிடும். வேறு மாடலில் அது ஏறாது என்பதால், கோப்பின் பெயரில் ரவுட்டரின் மாடல் எண்ணையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள். பழைய நிர்வாகக் கடவுச்சொல்லும் அதனுடன் சேர்ந்தே திரும்பும் என்பதால், அடியில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட வேண்டாம்.